குற்றவாளியின் இளமைக்காலத்தை எழுதுவது எப்படி: தீர்ப்பு நகலில் தொடங்கி அம்மாவின் பேட்டி வரை

ட்ரூ கிரைம், அதாவது நிஜக் குற்றங்களைப் பற்றி எழுத உட்காருபவர்கள் எல்லோரும் மூன்றாவது பக்கத்திலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். இந்த ஆள் எப்படி இப்படி ஆனான்? அப்பா யார், அம்மா யார், எப்படி வளர்த்தார்கள்? வாசகரும் அதைத்தான் கேட்பார். நம்மிடம் இதற்கு ரெடிமேட் பதில் இருக்கிறது: "வளர்ப்பு சரியில்லை." இன்னும் கொஞ்சம் இழுத்தால் "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை." இதைத் தாண்டி உருப்படியாக ஒரு அத்தியாயம் எழுத வேண்டுமானால் எந்தத் தாளை எங்கே கேட்பது, எவ்வளவு ஆகும், எதில் மாட்டிக்கொள்வோம் என்று சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. நகல் பிரிவு ஜன்னலுக்கும் வக்கீல் ஆபீசுக்கும் நடந்து நடந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அந்த அளவுக்கு அலைய வேண்டாம். கீழே உள்ளது தமிழ்நாட்டு நடைமுறை.

1. வழக்கு முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்

விசாரணையில் இருக்கும் வழக்கைத் தொடாதீர்கள். வீட்டார் பேச மாட்டார்கள், பேச நினைத்தாலும் வக்கீல் விட மாட்டார், நீங்கள் எழுதுவது விசாரணையைப் பாதித்ததாகவும் பேச்சு வரும். மேல்முறையீடு முடிந்து தண்டனை உறுதியான வழக்காக எடுங்கள். இதோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றம் நடந்தபோது அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதே வீட்டுக் குழந்தையாக இருக்கக் கூடாது. காரணத்தை 8ஆவது படியில் சொல்கிறேன். முதல் முயற்சிக்கு இந்த மூன்றையும் தளர்த்த வேண்டாம்.

2. காசில்லாமல் கிடைப்பதை முதலில் வாரிக்கொள்ளுங்கள்

இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அது தெரியாவிட்டால் மாவட்டம், நீதிமன்றம், ஆண்டு, கட்சிக்காரர் பெயர் போட்டுத் தேடலாம். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றிப் பாருங்கள், இனிஷியலை முன்னும் பின்னும் போட்டுப் பாருங்கள். பழைய வழக்குகளில் தீர்ப்பு ஏற்றப்படாமலும் இருக்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் தளத்தில் கிடைக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023இல் வந்த இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. குற்றப்பத்திரிகைக்கு இது பொருந்தாது. அது பொது ஆவணம் அல்ல, இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று 2023இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே குற்றப்பத்திரிகை வேண்டுமானால் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய வக்கீலின் தயவுதான்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உயர் நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள். மேலே போகப் போகக் குடும்பம் சுருங்கிவிடும். கீழ் நீதிமன்றத்தில் இரண்டு பக்கம் பேசிய அக்கா, மேலே "அ.சா.4" (அரசுத் தரப்பு சாட்சி 4) என்ற ஒற்றை வரியாகியிருப்பார். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பும் சாட்சியங்களும்தான் உங்களுக்கு வேண்டும்.

3. நகல் விண்ணப்பம் போடுங்கள்

வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் நபரும் நகல் கேட்கலாம். ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் காட்டி, பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு, நீதிபதி அனுமதித்தால் கிடைக்கும். "ஆய்வுக்காக" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த ஆவணம், எந்தச் சாட்சியின் வாக்குமூலம், எதற்கு என்று குறிப்பிடுங்கள். வக்கீல் மூலம் போட்டால் வேகமாக நடக்கும். அதைவிட முக்கியம் வக்கீலின் குமாஸ்தா. எந்த வழக்குக் கட்டு எந்த அறையில் இருக்கிறது, ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டதா, மேல்கோர்ட்டுக்கு அனுப்பியது திரும்பியதா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. நகல் தாள் எத்தனை ஆகும் என்று கணக்கிட்டுப் பட்டியல் போடுவார்கள். குறித்த நாளுக்குள் ஸ்டாம்ப் கட்டாவிட்டால் விண்ணப்பம் அடிபட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் போர்டைப் பாருங்கள், அல்லது குமாஸ்தாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு பக்கக் கணக்கு. தீர்ப்பு மட்டும் என்றால் சில நூறு ரூபாயில் முடியும். எல்லாச் சாட்சியங்களையும் கேட்டால் ஆயிரங்களில் போகும். அதனால் சாட்சிப் பட்டியலை முதலில் தீர்ப்பின் கடைசியில் பார்த்து, உறவினர்கள், பக்கத்து வீட்டார், டாக்டர் ஆகியோரின் சாட்சியத்தை மட்டும் கேளுங்கள். தடயவியல் ஆய்வகத்துக்காரர் சாட்சியத்தில் பால்யம் இருக்காது. வாரக் கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். கோடை விடுமுறையில் போட்டால் மாதக் கணக்கு.

4. பால்யம் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டு கைக்கு வந்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். இந்த மூன்று இடங்களுக்கு நேராகப் போங்கள்.

முதலாவது, உறவினர்களின் குறுக்கு விசாரணை. முதல் விசாரணையில் சம்பவ நாள் மட்டும்தான் வரும். வீட்டுச் சங்கதியெல்லாம் குறுக்கு விசாரணையில்தான் வெளியே வரும். "எதிரியின் தந்தை இரண்டாவது திருமணம் செய்துகொண்டார் என்றால் சரிதான்" என்ற பாணியில் இருக்கும். எதிரி என்றால் கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர். கவனம்: "என்றால் சரிதான்" என்பது சாட்சி ஒப்புக்கொண்டது. "என்றால் சரியல்ல" என்பது வக்கீலின் யூகம், சாட்சி மறுத்தது. அவசரமாகப் படிக்கும்போது யூகம் தகவலாகிவிடும். பிறழ்சாட்சியான, அதாவது அரசுத் தரப்பு அழைத்தும் மாற்றிச் சொன்ன அம்மாவின் வாக்குமூலத்தையும் தள்ளிவிடாதீர்கள். அவர் எதை மறுக்கிறார் என்பதிலேயே அந்த வீட்டைப் பற்றி நிறைய தெரியவரும்.

இரண்டாவது, தண்டனை பற்றிய கேள்வி. குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு தண்டனை குறித்து அவர் சொல்வதை நீதிபதி கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 235(2), அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258(2). "வயதான தாயார் இருக்கிறார், திருமணமாகாத தங்கை இருக்கிறாள், குறைந்தபட்ச தண்டனை வழங்க வேண்டும்." இதே வாசகத்தைப் பத்துத் தீர்ப்புகளில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் வக்கீல் சொல்லிக்கொடுத்தது. இதை வைத்துப் பத்தி எழுதாதீர்கள். அந்தத் தங்கை உண்மையிலேயே இருக்கிறாரா என்று விசாரிக்க ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தூக்குத் தண்டனை வழக்குகள். பால்யம் முறையாகப் பதிவாகும் இடம் இதுதான். 1980இல் பச்சன் சிங் வழக்கில், குற்றத்தை மட்டும் பார்க்காமல் குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் பல காலம் அது பெயரளவில்தான் இருந்தது. 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், விசாரணை நீதிமன்றமே என்னென்ன திரட்ட வேண்டும் என்று பட்டியல் போட்டது: வயது, இளமைக் குடும்பச் சூழல் (உடன்பிறந்தோர், பெற்றோரின் பாதுகாப்பு, வன்முறையோ புறக்கணிப்போ இருந்ததா), இப்போதைய குடும்பம், படிப்பு, வறுமை, முந்தைய குற்றங்கள், வேலை வருமானம், மனநலம். நீங்கள் எந்த வழக்கை எழுதினாலும் இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கேள்வித்தாள் தயாராகிவிட்டது. 2022க்குப் பிறகு வந்த தூக்குத் தண்டனைத் தீர்ப்புகளில் நன்னடத்தை அலுவலர், உளவியலாளர் அறிக்கைகளின் சாரத்தையும் பார்க்கலாம். மற்றபடி நன்னடத்தை அலுவலர் அறிக்கை ரகசிய ஆவணம். தீர்ப்பில் நீதிபதி மேற்கோள் காட்டிய அளவோடு நில்லுங்கள்.

5. ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்): எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்

கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளில் மாநிலத் தகவல் ஆணையம். நீதிமன்றக் கட்டை ஆர்.டி.ஐ.யில் கேட்டால் நகல் விண்ணப்பம் போடச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், 2020இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது. பள்ளிப் பதிவேடு, சிறை மருத்துவக் குறிப்பு எல்லாம் "தனிப்பட்ட தகவல்" என்று மறுக்கப்படும். அவர் படித்த காலத்தில் அந்த ஊரில் உயர்நிலைப் பள்ளி இருந்ததா, விடுதி எப்போது மூடப்பட்டது போன்ற கேள்விகளுக்குத்தான் இந்த வழி உருப்படியாகப் பயன்படும்.

6. வீட்டுக்குப் போங்கள்

நேராகக் கதவைத் தட்டாதீர்கள். அந்த வீட்டார் நம்பும் ஒருவர் மூலம் சொல்லியனுப்புங்கள். பெரும்பாலும் அவர்களுக்காக வாதாடிய வக்கீல் அல்லது அவரது குமாஸ்தாவாக இருக்கும். முதல் முறை போகும்போது கேமரா வேண்டாம். ஊர் டீக்கடையில் இறங்கி வழி கேட்கவும் வேண்டாம். நீங்கள் போவதற்குள் செய்தி போயிருக்கும், வீடு பூட்டியிருக்கும்.

"சின்ன வயசுல எப்படிம்மா இருந்தார்?" என்று கேட்டால் "தங்கமான புள்ள" என்றுதான் பதில் வரும். "அப்பா அடிப்பாரா?" என்று கேட்டால் "எந்த அப்பன்தான் அடிக்கல?" இரண்டுமே உண்மைதான், இரண்டாலும் பயனில்லை. அன்றாடத்தைக் கேளுங்கள். எந்த வகுப்பு வரை போனார், யார் கொண்டுபோய் விட்டார்கள், ஏன் நின்றார், ராத்திரிச் சாப்பாடு யார் போடுவார்கள், எங்கே படுப்பார். நான் பேசிய ஒரு அம்மா, கணவர் நல்லவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே படுப்பார் என்ற கேள்விக்கு மட்டும், "அவங்கப்பா சைக்கிள் சத்தம் கேட்டா இவன் பாயைத் தூக்கிக்கிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடுவான். பழகிப்போச்சு" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

உடன்பிறந்தவர்களை விடாதீர்கள். அதே அப்பா, அதே அடி, அதே கொட்டாய். ஆனால் அண்ணன் லாரி ஓட்டிக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், உங்கள் விளக்கம் அண்ணனுக்கும் பொருந்துகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்த விளக்கம் ஓட்டை.

பள்ளியில் தலைமையாசிரியரிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்காதீர்கள், அவர் தர முடியாது. ஓய்வு பெற்ற வாத்தியாரைத் தேடுங்கள். சிறையில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் சிறைத்துறையிடம் எழுதி அனுமதி கேளுங்கள். சொந்தக்காரர் என்று சொல்லி மனு (சிறைச் சந்திப்பு) பார்க்கப் போகிற வேலை வேண்டவே வேண்டாம். மாட்டினால் உங்களோடு முடியாது, அடுத்த மனு கிடைக்காமல் தவிப்பது அந்த அம்மாதான்.

பணம் கேட்டால் பேட்டிக்குப் பணம் தருவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு பஸ் காசு, சாப்பாடு கொடுக்கலாம். ஒலிப்பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எதை எழுதப் போகிறீர்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 8ஆவது படியில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

7. கிடைத்த கதைகளை மோதவிடுங்கள், 'அதனால்' போடாதீர்கள்

ஒரே வீட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இதற்குப் பாடம் படிக்க அமெரிக்காவின் கேன்சஸ் வழக்கைவிட நல்லது கிடையாது. 1959 நவம்பர் 15 அதிகாலை, ஹோல்கோம்ப் ஊரில் கிளட்டர் என்ற விவசாயியும் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். பெர்ரி ஸ்மித், ரிச்சர்ட் ஹிக்காக் இருவரும் 1965இல் தூக்கிலிடப்பட்டார்கள். ட்ரூமன் கபோட்டி இதைப் புத்தகமாக்கினார்.

ஸ்மித்தின் இளமையைப் பற்றி அதில் மூன்று எழுத்துச் சான்றுகள் வருகின்றன. மகனைப் பரோலில் விடக் கோரி அப்பா எழுதிக் கொடுத்த வரலாறு ஒன்று. அக்கா அவருக்குச் சிறைக்கு எழுதிய கடிதம் ஒன்று. மனநல மருத்துவருக்காக ஸ்மித்தே எழுதியது ஒன்று. அப்பாவின் எழுத்தில் அவர் பொறுப்பான தகப்பன். மகன் எழுதியதில் குடிகார அம்மா, பிரிந்துபோன பெற்றோர், படுக்கையை நனைத்ததற்காக அனாதை இல்லத்தில் வாங்கிய அடி. அக்காவோ அப்பாமேல் பழி போடாதே, வளர்ந்த மனுஷன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிறார். எதற்காக, யாரிடம் எழுதப்பட்டது என்று பார்த்தால்தான் ஒவ்வொன்றின் எடையும் தெரியும். பரோல் வாரியத்துக்கு எழுதும் அப்பா வேறு எப்படி எழுதுவார்?

ஹிக்காக்கின் வீடு இதற்கு நேர் எதிர். ஏழைகள், ஆனால் ஒழுங்கான பெற்றோர், கைவிடாத குடும்பம். 1950இல் கார் விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு மகன் மாறிவிட்டான் என்பது அவருடைய அப்பாவின் கட்சி. இரண்டு வெவ்வேறு வளர்ப்பு, ஒரே இரவு, ஒரே வீடு, நாலு பிணம். வளர்ப்புதான் காரணம் என்று எழுதத் துடிக்கும்போதெல்லாம் ஹிக்காக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கேன்சஸ் சட்டப்படி மனநல மருத்துவர் கூண்டில் ஏறியபோது, சரி தவறு தெரிந்து செய்தாரா என்ற கேள்விக்கு மட்டுமே பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பால்யத்தை அவர் விளக்க நீதிமன்றத்தில் இடமில்லை. நீங்கள் எழுதும் வழக்கிலும் நீதிபதி காதில் விழாதது எது என்று குறித்துவையுங்கள்.

புள்ளிவிவரம் வேண்டுமென்றால், அமெரிக்க ஆய்வாளர் கேத்தி ஸ்பாட்ஸ் வைடம் 1989இல் வெளியிட்ட ஆய்வு போதும். சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவில் உள்ள 908 பேரை, அப்படிப் பதிவில்லாத 667 பேரோடு ஒப்பிட்டார். சிறார் வயதில் கைதானவர்கள் முதல் குழுவில் சுமார் 26 விழுக்காடு, இரண்டாவதில் சுமார் 17. வித்தியாசம் நிஜம். அதே சமயம் கொடுமை அனுபவித்தவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த வயதில் கைதாகவில்லை. ஆகவே "அப்பா அடித்தார்" என்ற வாக்கியத்துக்கும் "அவர் கொன்றார்" என்ற வாக்கியத்துக்கும் நடுவில் 'அதனால்' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியாக, சான்றோடு வையுங்கள். உளவியலாளர் சாட்சியம் இருந்தால் அவர் பெயரில் சொல்லுங்கள். படுக்கையை நனைத்தான், தீ வைத்தான், நாயை அடித்தான் என்ற மூன்று அடையாளக் கதையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தொடர் கொலைகாரன் என்றாலே அதை ஒட்டவைப்பது தேய்ந்துபோன பழக்கம்.

எழுதி முடித்த பிறகு அம்மாவுக்கு எத்தனை வரி, அப்பாவுக்கு எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். ஊரைவிட்டு ஓடிப்போன அப்பாவுக்கு ஒரு வரி, கூடவே இருந்து வளர்த்த அம்மாவின் குறைகளுக்கு மூன்று பக்கம் என்று இருக்கும். பேட்டிக்கு அகப்பட்டவர் அவர் மட்டும்தான் என்பதால் நடப்பது இது.

8. சட்டக் கண்ணிகள்

ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் தரப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இந்த வேலைக்கு வருபவர்கள் முழுதாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு. குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைப்பேறு, கல்வி பற்றியதை உண்மையாகவே இருந்தாலும் ஒருவரின் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. பொது ஆவணங்களில், நீதிமன்றப் பதிவு உட்பட, இருப்பதை வெளியிடச் சம்மதம் தேவையில்லை. நீங்கள் எழுதப்போகும் பால்யம் மொத்தமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கட்டில் இருந்து எடுத்தது என்றால் பக்க எண் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டியில் கிடைத்தது என்றால் கையெழுத்துத் தாள்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 72ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. போக்சோ 23ஆம் பிரிவு பெயரோடு நிற்பதில்லை, முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் கூடாது. குற்றவாளியின் வீட்டை விவரிக்கும் நமக்கு இதுதான் பெரிய குழி. மகளைச் சீரழித்த தகப்பனின் பெயரை எழுதினாலே மகள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். 1ஆவது படியில் அதே வீட்டுக் குழந்தை வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு, குற்றத்தில் சிக்கிய சிறார், பாதிக்கப்பட்ட சிறார், சாட்சியான சிறார் எல்லோருக்கும் பொருந்தும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் ஆள் சின்ன வயதில் கூர்நோக்கு இல்லத்தில் இருந்திருந்தால் சுவாரசியமான தகவல்தான், ஆனால் வக்கீலைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

செத்தவர் வழக்குப் போட மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறந்தவரைப் பற்றி எழுதியது அவர் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கில் இருந்தால் அதுவும் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறுதான். உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்கு என்றும் காட்ட வேண்டும்.

9. காலமும் செலவும், அச்சுக்கு முன்னும் பின்னும்

தீர்ப்பு தேடவும் படிக்கவும் இரண்டு வாரம், நகலுக்கு இரண்டிலிருந்து நான்கு மாதம், அந்த இடைவெளியிலேயே ஊருக்குப் போவது, எழுத இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போட்டுவிட்டால் மற்றதெல்லாம் அதன் நிழலில் நடந்துவிடும். பணம் அதிகம் போவது பயணத்துக்கும் வக்கீல் கட்டணத்துக்கும்தான். வக்கீலிடம் இரண்டு வேலைகளுக்கும், அதாவது நகல் மனுவுக்கும் வெளியிடும் முன் பிரதி படிப்பதற்கும், முதலிலேயே சேர்த்துக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைப் பற்றிய பகுதியை மட்டும் தனியாக அச்செடுத்து அவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள். தேதி, ஊர், உறவுமுறைப் பிழைகள் அங்கேதான் பிடிபடும். சித்தி என்று எழுதியவர் பெரியம்மாவாக இருப்பார். அவர்களுக்குப் பிடிக்காததை நீக்குவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். தவறைத் திருத்துவதாகச் சொல்லுங்கள், அது போதும்.

அவதூறுக்கு உரிமையியல் வழக்கு என்றால் வெளியான நாளிலிருந்து ஓராண்டு, குற்றவியல் புகார் என்றால் மூன்றாண்டு கெடு. நகல்கள், ஒலிப்பதிவு, கையெழுத்துத் தாள் எல்லாவற்றையும் குறைந்தது அதுவரை இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். ஒலிப்பதிவை போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.